புதுத்துணி

காய்ச்சல் ஏறினால் போதும், லோகநாதனின் கட்டிலுக்கு மேலே தறியில் பூட்டும் பாவு நூல் விரிந்துவிடும். வேலூர் ஆஸ்பத்திரியின் கூரை முழுக்க நீல நூல், பச்சை நூல். வார்டில் தறிச் சத்தம் ஏது என்றால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். குடியாத்தத்து நெசவாளிக்கு மயக்கம் வந்தாலும் தறியில் குறுக்கே நாடா ஓடும் சத்தத்தோடுதான் வரும். நூல்களுக்கிடையே மிதப்பது சுகமாக இருந்தது. இப்படியே போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது.

"மூணாவது தடவை," என்றார் அவருடைய ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தேற்றும் டாக்டர் பூர்ணிமா. "மண்ணுல, பழைய சோத்துல இருக்கிற கிருமி. எங்களை ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இல்ல, ரத்தத்துலயே வளருது. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான் வருது. மருந்து ஏத்தறதுக்குக் கையிலயே விட்டு வெச்சிருக்கிற குழாய் வழியா இன்னொரு தடவை போச்சுன்னா, காப்பாத்துவேன்னு சொல்ல முடியாது. வீட்டுல குழாய் மேல என்ன படுது?"

"ஒண்ணும் படல மேடம்," என்றாள் மனைவி அமிர்தவள்ளி. "தண்ணிகூடப் பட வுடல."

கூரையிலிருந்த பாவு சொட்டத் தொடங்கியது. கஞ்சி. நூல் விறைக்கப் போடும் கஞ்சி இரண்டு நாள் புளித்த வாசனை. அதே வாசனை வீட்டில் தன் கையிலிருந்தே வந்தது லோகநாதனுக்கு நினைவு வந்தது.  உள்ளதைச் சொன்னால் பழி அமிர்தவள்ளி தலையில் விழும்.

"நான்தான் மேடம், குழாய் ஆடக்கூடாதுன்னு துணி கட்டிக்கினேன். கஞ்சி போட்ட புதுத்துணி."

"தொவைக்காததா?" என்றார் டாக்டர்.

அமிர்தவள்ளி அவரையே பார்த்தாள். "பொய் சொல்றாரு மேடம். ஒத்தக் கையால எப்படிக் கட்டிக்குவாரு? நான்தான் தெனம் கட்னேன். பழசு ஆவாதுன்னு, தறியிலருந்து அறுத்ததைக் கட்னேன்."

யாரும் உடுத்தாத துணியைவிடச் சுத்தமானது நெசவாளி வீட்டில் வேறெதுவும் இல்லை. பாவம், அவள் வேறெதை நம்புவாள்?

பரிசோதனையில், அவள் பையில் மிச்சமிருந்த துணியிலும் அதே கிருமி வளர்ந்தது. குழாயை எடுத்தார்கள், மருந்தை மாற்றினார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. கூரை வெறும் வெள்ளையாக இருந்ததில் லோகநாதனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அமிர்தவள்ளி தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் கைக்குச் சோப்புப் போட்டுவிட்டு வந்தாள். தொடலாமா என்று நர்ஸிடம் கேட்டுவிட்டே அவர் கையைப் பிடித்தாள். பாவுக்குக் கஞ்சி போட்டுப் போட்டு முப்பது வருஷமாக மொரமொரவென்றிருந்த அவள் கை. கஞ்சி போன பிறகு இப்போதுதான் அது எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தது.