ஆடு வாய் வைக்காத புல்

கோடையில் குடவாசல் பக்கத்து வயல்களில் பச்சை என்று ஒன்றைப் பார்க்க முடியாது. அறுப்பு முடிந்ததும் கிடை ஆடுகள் வந்து இறங்கிவிடும். வரப்பு அருகம்புல்லைக்கூட மொட்டையடித்துவிட்டுத்தான் கிளம்பும். அந்த வெட்டவெளியில் ஒரே ஒரு நிலம் மட்டும் இடுப்பளவு புல்லோடு நின்றது. பெரியநாயகசாமி மயங்கியது அந்தப் புல்லில்தான்.

"மாதா நமக்குன்னே விட்டுவச்சிருக்கா பாரு" என்றார் மகளிடம்.

சுற்றிலும் சுரண்டித் தின்ற ஆடுகள் இதில் ஏன் வாய் வைக்கவில்லை என்று அவருக்குத் தோன்றவில்லை. கும்பகோணத்துச் சந்தில் பிறந்து, கட்டுக்கட்டாகப் புல் வாங்கிப் போட்டே குதிரை வளர்த்தவர். மகள் ஜாய்ஸுக்கும் தோன்றவில்லை. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் அவள். சம்பளச் சீட்டு அவளிடம்தான் இருந்தது. ஆகவே கடனும் கிரயமும் அவள் பெயரில். பட்டா பார்த்தாள், வில்லங்கம் போட்டுப் பார்த்தாள். எல்லாம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நிலத்தை விற்ற இளையபெருமாள், பொம்பளைப் பிள்ளைக்கு எவ்வளவு விவரம் என்று மெச்சினார். மெச்சிய வாய் வேறெதையும் சொல்லவில்லை.

அவர்களிடம் இருந்தவை இரண்டு குதிரைகள், சுந்தரியும் தளபதியும். கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு இழுத்து வீட்டுக்குச் சோறு போட்டவை. லத்தி நாறுகிறது என்று சந்துக்காரர்கள் நகராட்சிக்கு எழுதிப் போட்டு, அங்கிருந்து ஆளும் வந்துவிட்டுப் போன பிறகு, இந்த நிலத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. கீற்றுக்கொட்டகை போட்டு, பங்குச்சாமியாரைக் கூட்டிவந்து மந்திரித்து, குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். சுந்தரி வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்துப் பெரியநாயகசாமி அழுதேவிட்டார்.

கோடைமழை பெய்தது. நிலத்தின் நடுவில் பள்ளமாக இருந்த இடத்தில் தண்ணீர் தேங்கியது. அதன்மேல் நீலமும் ஊதாவுமாக ஏதோ மினுங்கியது. சுந்தரி அதைக் குடித்தது. மறுநாள் காலை தரையில் புரண்டு, தன் வயிற்றைத் தானே கடித்துக்கொண்டிருந்தது. கால்நடை டாக்டர் மூக்குவழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். குதிரைக்கு வாந்தி வராது, உள்ளே போனது உள்ளேதான் என்று கையை விரித்தார். வெயில் ஏறுமுன் செத்துப்போனது.

புதைக்க ஜேசிபி வந்தது. முதல் இரண்டு அள்ளில் செம்மண். மூன்றாவதில் கருகருவென்று சேறு. மெக்கானிக் பட்டறை மாதிரி நாற்றம். ஜேசிபிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பக்கத்து நிலத்து அம்சம் வேடிக்கை பார்க்க வந்தாள். எண்ணெய்க் கம்பெனி ஒன்று இளையபெருமாளிடம் குத்தகைக்கு எடுத்துத் துளை போட்டதையும், ஒன்றும் கிடைக்காமல் போகும்போது கழிவுச்சேற்றை அங்கேயே குழியில் கொட்டி மண்ணைத் தள்ளி மூடியதையும், தன் ஆடுகள் அங்கே மேய்ந்து செத்ததையும், அதிலிருந்து கிடைக்காரர்கள் அந்தப் பக்கமே ஆட்டை விடாததையும் அவள்தான் சொன்னாள். ஊருக்கே தெரியுமாம்.

"கொட்டாய் போடுறப்ப தெனம் எங்கள்ட்ட டீ வாங்கிக் குடிச்சீங்களேக்கா. அப்ப வாயில என்ன வச்சிருந்தீங்க?" என்றாள் ஜாய்ஸ்.

"விக்கிறவன் வயித்துல அடிக்கலாமா? நாளைக்கு எம்மவ கல்யாணத்துக்கு நானும் விக்கணும்ல. அப்ப நாலு பேரு வந்து என் நெலத்துக்கு நொட்டை சொன்னா நான் எங்க போவேன்?"

"அதுக்கு எங்க குதிரை சாகலாம்."

அம்சம் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நகர்ந்தாள்.

இளையபெருமாள், பார்த்துத்தானே வாங்கினீர்கள் என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

மிஞ்சியது தளபதி. அதையாவது காப்பாற்ற, நிலத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு இடம் பார்க்க நினைத்தார் பெரியநாயகசாமி. மன்னார்குடியிலிருந்து ஒருவர் வந்தார். வாயைத் திறக்காதே என்று மகளை எச்சரித்துத்தான் கூட்டிப்போயிருந்தார். அவள் திறந்தாள். சேற்றைச் சொன்னாள், செத்த குதிரையைச் சொன்னாள்.

வந்தவர் கறுப்புக் கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "தெரியும் பாப்பா. நான் என்ன மேயவா போறேன்? மேல நாலடி கிராவல் அடிச்சு பிளாட்டு போடப் போறேன்."

"வீடு கட்டி, போர் போட்டு, அந்தத் தண்ணியக் குடிக்கிறவங்க?"

"அவங்களும் உன்னை மாதிரி வில்லங்கம் போட்டுப் பாத்துக்குவாங்க."

பெரியநாயகசாமி மகள் கையைப் பிடித்துக்கொண்டார். "கையெழுத்துப் போட்டுடும்மா. தளபதிக்கு நிக்க எடம் வேணும்."

"மாட்டேம்ப்பா."

அவர் கையை விட்டார். "உன்னைப் படிக்க வச்சதுக்கு இன்னொரு குதிரை வாங்கியிருக்கலாம்."

தளபதியை வேளாங்கண்ணிக் கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிறவர் வாங்கிப்போனார். பெரியநாயகசாமியும் மினிலாரியில் அதன் பக்கத்தில் நின்றபடியே போனார். திரும்பி வந்தும் மகளிடம் பேசவில்லை.

ஜாய்ஸ் ஒரு தகரப் பலகையில், இந்த மண்ணும் தண்ணீரும் விஷம் என்று எழுதி நிலத்தின் முகப்பில் நட்டாள். யாரோ பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார்கள். மறுபடி நட்டாள். மறுபடியும் பிடுங்கினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கடப்பாறையோடு வந்தபோது அம்சம் வரப்பில் நின்று, இந்தப் பலகை நிற்கிறவரை தன் நிலத்தையும் ஒருத்தன் கேட்கமாட்டான், இவள் நாசமாய்ப் போக என்று மண்ணை வாரித் தூற்றினாள். அதுவரை வாயைத் திறக்காத ஊர், அன்றைக்கு அம்சத்தின் பின்னால் நின்று பேசு பேசு என்று பேசியது.

ஜாய்ஸ் திரும்பிப் பார்க்காமல் குழியை இன்னும் ஆழமாகத் தோண்டினாள்.