யார் வீட்டுப் படங்கள்

ஹார்ட் டிஸ்க் விட்டுவிட்டுப் பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போட்டது. ‘ஃபார்மட் செய்யவா? உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்’ என்று கம்ப்யூட்டர் கேட்டது. பாப்பா பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் அதில்தான். அண்ணி கையைப் பிசைந்தாள்.

“வேண்டாம்னு அமுக்குங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். அவள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். இதைப் பற்றி எங்கெங்கோ படித்துவிட்டு வந்திருந்தாள். “இது எப்ப உசிரை விடும்னு தெரியாது. முதல்ல முழுசா வேற டிஸ்க்ல நகல் எடுப்போம். தேடறதை அதுல தேடிக்கலாம்.”

சாப்பாட்டு மேசையில் டிஸ்க்கை வைத்து, சூடாகாமலிருக்க டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டார்கள். நகல் முடிவதற்குள் துவைத்த துணியெல்லாம் காய்ந்துவிட்டது.

தொலைந்த படங்களை மீட்கும் மென்பொருளை நகலில் ஓடவிட்டுத் தேடியதில் முதலில் வந்தது ஒரு வழுக்கைத் தலைக்காரர். தோளில் சாம்பல் நிறப் பூனை. அடுத்ததிலும் அவரே, ஏணிமேல். அதற்கடுத்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் பூனை.

“யாரு இது?” என்றாள் அண்ணி.

“உங்க பக்கத்துச் சொந்தமோ?”

“எங்க பக்கம் யாருக்கும் பூனையே ஆகாது.”

படங்கள் வந்துகொண்டே இருந்தன. அதே வீடு, அதே ஆள். பாப்பாவைக் காணோம். தப்பான டிஸ்க்கையா நகலெடுத்தோம் என்று நாத்தனார் வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அண்ணி புருஷனுக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, நம்ம டிஸ்க்ல பூனையோட ஒருத்தர் இருக்காரே, யாரு?”

“என்ன பூனை?” என்றவன் குரலைத் தாழ்த்தினான். “அந்த டிஸ்க் பழைய சாமான் கடையில வாங்கினது. காலியாத்தான் இருந்துச்சு.”

“புதுசுன்னீங்களே?”

“நமக்குப் புதுசுதானே.”

நாத்தனாருக்கு அப்போதுதான் புரிந்தது. அழித்த படங்கள், மேலே வேறெதுவும் பதியாதவரை உள்ளேயே கிடக்கும். தேடுகிற மென்பொருளுக்கு யார் வீட்டுக் குழந்தை, யார் வீட்டுப் பூனை என்ற பேதமெல்லாம் கிடையாது.

சாயங்காலத்துக்குமேல் பாப்பாவும் திரையில் வந்தாள். சில படங்கள் முழுசாக, சில பாதியாக. முதன்முதலாக நடந்த படத்தில் முகம் இருந்தது, இடுப்புக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அண்ணி திரையைத் தடவினாள்.

“அவர் படத்தை எல்லாம் அழிச்சுடவா அண்ணி? அவரே அழிச்சதுதானே.”

“அவரா அழிச்சாரா, இல்ல நம்மளை மாதிரி பறிகொடுத்தாரா?”

 அண்ணன் அந்தப் பழைய சாமான் கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தான். யார் விற்றது என்று அவருக்கு நினைவில்லை, விசாரிப்பதாகச் சொன்னார். நாத்தனார் அந்தப் படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டாள். எதுவரைக்கும் வைத்திருப்பது என்று அண்ணியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.