கைசரின் முதுகு

கைசர் அன்றைக்கு ஜோசலினை மூன்றாவது தடவையாக மண்ணில் உருட்டினான். வாயெல்லாம் மண், முட்டியில் சிராய்ப்பு. தட்டுத் தடுமாறி எழுந்து பார்த்தால், குதிரைகளைப் பராமரிக்கும் ஜெயவேலு கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு கைசரின் காதருகே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். விழுந்தவளை விட்டுவிட்டுத் தள்ளியவனுக்கு ஆறுதல் சொல்கிற ஆளை என்னவென்பது! அந்தப் புதன்கிழமைதான் அவளுக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது.

கைசர் லேசுப்பட்ட குதிரை இல்லை. ஜெர்மன் வார்ம்பிளட் இனம், ஐந்து வயது. சும்மா அவிழ்த்துவிட்டாலே நாலடி உயரக் கட்டையைச் சாக்கடை தாண்டுகிற மாதிரி தாண்டுவான். ராஜகீழ்ப்பாக்கத்தில் விற்காமல் மிச்சமிருந்த குடும்ப நிலத்தில் சந்திரிகா குதிரையேற்றப் பள்ளி நடத்துகிறார். கைசரைச் சேணத்துக்குப் பழக்கும் பொறுப்பை அவர் கொடுத்தபோது ஜோசலினுக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. பத்து வருஷமாக அடுத்தவர்களின் கிழட்டுக் குதிரைகளோடு மல்லுக்கட்டியவள் அவள். இப்போது சந்திரிகா கறாராகச் சொல்லிவிட்டார்: சனிக்கிழமைக்குள் ஒழுங்காக ஓடாவிட்டால் வண்டியை வரச்சொல்லி, வாங்கின இடத்துக்கே அனுப்பிவிடுவேன், எனக்குக் கொலைப்பழி வேண்டாம்.

முதல் வாரம் இப்படி இல்லவே இல்லை. இளம் குதிரையின் துள்ளலில் ஒரே ஒரு தடவை விழுந்தாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அவனுக்குப் பேய் பிடித்தது. சேணம் பூட்டும்வரை சாதுவாக நிற்பான். அவள் ஏறி உட்கார்ந்ததும் முதுகை வளைத்து எகிறுவான். சாயங்காலம் ஜெயவேலு வெறும் முதுகில் ஏறினால் மட்டும் கோயில் மாடு மாதிரி நடப்பான். அதெப்படி? அவள் தோற்றால் சவாரி தன் கைக்கு வரும் என்று அந்த ஆள் கணக்குப் போடுகிறார், வேறென்ன!

அதோடு 'ஜெயவேலு அண்ணா' வெறும் ஜெயவேலு ஆனார். அவரும் 'இன்னாம்மா' என்பதை விட்டுவிட்டு 'மேடம்' என்றார். அவர் ஊட்டுகிற வெல்லத்தை வாங்கி மோந்து பார்த்தாள். தண்ணீர் வாளியில் கையை விட்டுத் துழாவினாள். அவர் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது அவள் வந்தால் பேச்சு நின்றது. அதுவும் அவள் கணக்கில் சேர்ந்தது.

வீட்டிலும் நிம்மதியில்லை. அஸ்தினாபுரத்தில் அம்மா அமலராணி, ஓய்வுபெற்ற டீச்சர், முதல் தடவை விழுந்ததைக் கேள்விப்பட்டதிலிருந்து தினமும் வாசலிலேயே மடக்குவாள். இன்றைக்கு விழுந்தாயா? இல்லைம்மா, விழவே இல்லை என்று ஜோசலின் கூசாமல் புளுகுவாள். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சேணத்துக்கு அடியில் விரிக்கும் மெத்தைத் துணியைத் துவைக்க வாங்கிப் போவாள். புதன்கிழமை முட்டியிலிருந்த சிராய்ப்பைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஜோசலின் சீக்கிரமே போய்த் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் நின்றாள். ஜெயவேலு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். கம்பியில் கிடந்த அந்த மெத்தைத் துணியை எடுத்து விரலால் அழுத்தி அழுத்தித் தடவினார். மாட்டிக்கொண்டார்! ஜோசலின் ஓடிப்போய்ச் சந்திரிகாவைக் கையோடு கூட்டிவந்தாள்.

ஜெயவேலு பதறாமல் சந்திரிகாவிடம் சொன்னார். "கைசரு முதுகுல தடிப்பு கீது மேடம். ரெண்டு எடத்துல. துணிக்குள்ள இன்னாமோ கீது, ஆளு ஏறி ஒக்காந்தா குத்துது. அதான் தடவிப் பாத்துகினு இருந்தேன்."

"நீங்க வெச்சிருந்தா குத்தத்தானே செய்யும்," என்றாள் ஜோசலின்.

அவள் கத்தரிக்கோலை எடுத்து, எல்லார் முன்னாலும் துணியின் ஓரத்தை வெட்டிப் பிரித்தாள். பஞ்சுக்குள்ளிருந்து இரண்டு சின்ன உலோக வில்லைகள் சிமெண்டுத் தரையில் விழுந்தன. வேளாங்கண்ணி மாதா சுரூபங்கள். வளையத்தைச் சுற்றி நீல நூலில் நெருக்கமான தையல். அந்தத் தையலைப் போட்ட கையை அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சீருடையில் பட்டன் பிய்ந்தபோதெல்லாம் தைத்துக் கொடுத்த கை. முதல் தடவை விழுந்ததற்கு ஒன்று, முட்டிச் சிராய்ப்புக்கு இன்னொன்று. நடுவில் அவள் சொன்ன பொய்யெல்லாம் அம்மாவுக்கு மாதாவின் கிருபையாகத் தெரிந்திருக்கிறது.

யாருடையது என்று சந்திரிகா கேட்டார். அவள் பேசாமல் இருந்திருந்தால் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நிமிஷம் அப்படித்தான் நின்றாள், வெட்கக்கேடு.

"எங்கம்மா தெச்சது மேடம்," என்றாள் பிறகு.

சந்திரிகா வண்டியை வேண்டாமென்று சொல்லிவிட்டார். தடிப்பு ஆறப் பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் ஜெயவேலுதான் கைசருக்கு மருந்து போட்டார். ஜோசலின் பக்கத்தில் போனால் நகர்ந்து இடம் விட்டார்.

பதினோராவது நாள் புதுத் துணியும் சேணமுமாக வந்தாள். "தப்பா நெனச்சிட்டேண்ணா. மன்னிச்சுடுங்க," என்றாள்.

ஜெயவேலு அவள் கையிலிருந்த துணியை வாங்கினார். வெளிச்சத்தில் விரித்து, அன்றைக்குத் தடவியதுபோலவே ஒரு அங்குலம் விடாமல் அழுத்திப் பார்த்தார். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"கைய காட்டுங்க மேடம்," என்றார்.

அவள் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினாள். அவள் வெல்லத்தை மோந்து பார்த்த மாதிரியே அவரும் குனிந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, துணியைக் கைசரின் முதுகில் போட்டு, சேணத்தைப் பூட்டினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். கைசர் காதை ஒரு தடவை அசைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

"இனிமே துணிய நானே தொவைக்கிறேன்," என்றார் ஜெயவேலு பின்னாலிருந்து. "வூட்டுக்கு எடுத்துனு போவாதீங்க."