இரண்டாவது பொட்டலம்

ஒரு வாரம் சத்தம் போட்டும் மகள் மசியவில்லை என்றதும்தான் மலையாண்டிக்கு முருகன் ஞாபகம் வந்தது. அதுவரைக்கும் குன்றக்குடிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனுஷன்.

எழுபத்தெட்டாம் வருஷம். பிளஸ் டூ என்று ஒன்று புதுசாக வந்திருந்தது. பத்தாவது முடித்த பிள்ளை சயின்ஸ் குரூப்பில் சேரலாம். இல்லை, தொழிற்கல்வி என்று தையல் பிரிவில் சேரலாம். உமையாள் கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கியிருந்தாள். சயின்ஸ் குரூப்தான், அப்புறம் மதுரையில் காலேஜ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மலையாண்டிக்கோ தங்கச்சி பொன்னுத்தாயிக்குக் கொடுத்த வாக்கு. அவள் மகன் உடையப்பன் எட்டாவதோடு நின்று கண்டனூரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். காலேஜுக்குப் போன பெண் அவனுக்குக் கழுத்தை நீட்டுவாளா? அதை வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் இல்லை. "தையல்னா கைத்தொழில் ஆத்தா, காலத்துக்கும் சோறு போடும்" என்று அதையே பிடித்துக்கொண்டார். தையலில் ஒரு குற்றமும் இல்லை. ஆசைப்பட்டுப் படிக்கிற பிள்ளைக்கு அது நல்ல படிப்பு. இவள் ஆசைப்படவில்லை, அவ்வளவுதான்.

"சாமிகிட்டப் பூக்கட்டிக் கேட்டுருவோம். செகப்பு வந்தா சயின்ஸு, வெள்ளை வந்தா தையலு. அப்புறம் நானும் பேசமாட்டேன், நீயும் பேசக்கூடாது" என்றார்.

உமையாள் உடனே சரி என்றாள். அப்பாவிடம் தோற்கப் பயந்தவளுக்கு முருகனிடம் பயமில்லை. பரீட்சைக்கு முந்தி ஒன்பது செவ்வாய்க்கிழமை மலையேறிய பிள்ளை அது.

மலையடிவாரத்தில் செவ்வரளியும் வெள்ளரளியும் மலையாண்டி வாங்கியதை அவர் மனைவி வீரலட்சுமி தன் கண்ணால் பார்த்தாள். மேலே போனதும் அவர் மண்டபத்து ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, இலையில் மடித்து நாரால் கட்டி, ஒன்றுபோல இரண்டு பொட்டலம் கொண்டுவந்தார். குருக்கள் அவற்றைச் சாமி பாதத்தில் வைத்துத் தட்டில் எடுத்து வந்தார். வழக்கமாக விவரம் தெரியாத சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள்.

"நீயே எடு ஆத்தா. நாளைக்கு ஒருத்தரையும் குத்தம் சொல்லப்படாது பாரு" என்றார் மலையாண்டி.

உமையாள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பிரித்தாள். வெள்ளை. அழுவாள் என்று வீரலட்சுமி பக்கத்தில் போய் நின்றாள். அவள் அழவில்லை. "முருகனே சொல்லிட்டாரு. விடும்மா" என்றாள். ஒரு வாரமாகச் சோற்றைக் கிண்டிவிட்டு எழுந்து போனவள், வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

தட்டில் மிஞ்சிய பொட்டலம் யார் காலிலும் மிதிபடக் கூடாதே என்று வீரலட்சுமி அதை முந்தானையில் முடிந்து வந்திருந்தாள். கிணற்றில் போடலாமென்று பிரித்தாள். அதிலும் வெள்ளை.

பொட்டலத்தோடு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த புருஷனிடம் போனாள்.

"ரெண்டுலயும் வெள்ளையத்தான் கட்டுனீகளா?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாமி குடும்பத்துக்கு நல்லதத்தான சொல்லும். அதத்தான் நானும் கட்டுனேன். இது அவ காதுக்குப் போச்சு, நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போயிரு."

சொன்னால் செய்கிற ஆள். பதினெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்கு அது தெரியாதா? பூவை எறியவும் மனம் வரவில்லை. மறுபடி மடித்துக் கட்டி, டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். சொல்லலாமா என்று நினைத்தால், பிள்ளைக்கு அப்பனும் போய்ச் சாமியும் போகுமே என்றிருந்தது. அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அண்ணன் வீட்டுப் பயத்தை அவள் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு அவள்தான் மகளைக் கூட்டிப் போனாள். அன்று காலை அவள் பால் கறந்துவிட்டு வருவதற்குள் உமையாள் பெட்டியைத் திறந்து அம்மாவுக்கு நீலச் சேலையை எடுத்து வைத்திருந்தாள். மகள் அந்தண்டை போனதும் வீரலட்சுமி பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். பொட்டலம் கட்டுக் குலையாமல் அடியிலேயே இருந்தது. அப்பாடா என்று சேலையை உடுத்திக்கொண்டாள்.

காரைக்குடிப் பள்ளிக்கூடத்தில் அருளம்மாள் டீச்சர் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். உமையாளுக்கு மூன்று வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

"என்னம்மா இது? இந்த மார்க்க வச்சுக்கிட்டுத் தையலா? உங்க வீட்டுக்காரர்ட்ட நான் வந்து பேசுறேன். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொல்லுங்க, இப்பவே மாத்தி எழுதிருவோம்."

உமையாள் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீரலட்சுமி சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. எத்தனையோ வெட்டிப் பேச்சுப் பேசிய வாய்தான்.

"சாமி உத்தரவு டீச்சர். பூக்கட்டிப் பாத்தோம்."

டீச்சர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறு வருஷம் தம்பி கருத்தையா பத்தாவது தேறினான். கணக்கில் முப்பத்தாறு. கடை வேலைக்குப் போகிறேன் என்று கெஞ்சியவனை மலையாண்டி சயின்ஸ் குரூப்பில் தள்ளிவிட்டு வந்தார். அதற்குள் உமையாளுக்கும் உடையப்பனுக்கும் பரிசம் போட்டாயிற்று, தையில் கல்யாணம். பிளஸ் டூ பரீட்சைகூட எழுதப்போவதில்லை. அந்தத் தையலையாவது முழுசாகப் படிக்க விட்டார்களா?

"தம்பிக்குப் பூக்கட்டிப் பாக்கலியாப்பா?" என்று கேட்டாள் உமையாள்.

"ஆம்பளப் பயலுக்கு எதுக்குடி பூவு?" என்று சிரித்துக்கொண்டே அவர் வயலுக்குப் போனார்.

உமையாள் எழுந்து கொல்லைக்குப் போய் அரளியும் இலையும் நாரும் கொண்டுவந்தாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, நிதானமாக இரண்டு பொட்டலம் கட்டினாள். இரண்டிலும் வெள்ளை.

"அப்பா கட்டுனது இப்படித்தானம்மா?"

வீரலட்சுமி கையில் முறம் அப்படியே நின்றது.

"எப்பத் தாயி தெரியும்?"

"உனக்குச் சேலை எடுத்தேன்ல, அன்னைக்குக் காலையிலயே பிரிச்சுப் பாத்துட்டேன்."

"அப்ப டீச்சர் கேக்கும்போது நீ சொல்லியிருக்கலாம்ல ஆத்தா?"

"நீ சொல்லுவன்னு நின்னேம்மா."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வீரலட்சுமி காலில் விழுந்தாவது அழுதிருப்பாள். உமையாள் நாரை அவிழ்த்துப் பூவைக் குப்பைக்குழியில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்தாள்.