கை போன அலமாரி

தோல் தொழிற்சாலையில், பரப்பு அளக்கும் பழைய மெஷினில் இருபத்திரண்டு சதுர அடி காட்டிய மாட்டுத்தோல், புது மெஷினில் இருபதுதான் காட்டியது. மூன்று நாளாக இதே கூத்து.

"மடிச்சு மடிச்சு உட்டா கம்மியாதான் வரும்," என்றார் சூப்பர்வைசர் ஷபீ அஹமது.

"பன்னெண்டு வருசமா தோல் உட்றேன் சார். மடிச்சா எனக்குத் தெரியாதா?" என்றாள் தனபாக்கியம்.

"மெஷின் பொய் சொல்லுதா இன்னா? பேஜார் பண்ணாத. நாளைலேர்ந்து வராத."

மெஷினை விற்ற கம்பெனியிலிருந்து வந்து, அதற்குப் புரோகிராம் எழுதிய ஃபிர்தௌஸ் மூலையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். முதல் வேலை; நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு வாரம். தோல் மடிந்ததை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

மெஷினில் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டு வேறு ஜாதி, லேப்டாப் வேறு ஜாதி. அதனால் லேப்டாப்பில் எழுதியதைப் போர்டுக்கு ஏற்றபடி மாற்றித்தர ஒரு கிராஸ் கம்பைலர். உருளையின் அகலத்துக்குத் தோலைக் கண்டு அளக்கும் சென்சார் எத்தனை, என்ன வரிசை என்று சொல்லும் ஹெடர் கோப்புகளை, போர்டுக்கென்று ஒதுக்கிய ஃபோல்டரில்தான் அது தேடும். போன வாரம் ஏதோ ஒரு ஹெடர் கிடைக்கவில்லை என்று அது அடம்பிடித்தபோது, லேப்டாப்பின் சொந்த ஹெடர் ஃபோல்டரை இவள்தான் காட்டிவிட்டாள். எர்ரர் போனது. அப்பாடா என்று டீ குடிக்கப் போனாள்.

இப்போது, எங்கெங்கே தேடினாய் என்று கம்பைலரையே கேட்டாள். பட்டியலில் லேப்டாப்பின் ஃபோல்டர் முதலில் நின்றது. ஆள் கைகாட்டிய இடத்தை முதலில் பார்ப்பதும், தன் இடத்தை அப்புறம் பார்ப்பதும் அதன் வழக்கம். ஒரே பெயரில் ஹெடர் இரண்டு இடத்திலும் இருந்தது. லேப்டாப்பில் கிடந்தது பழசு: அறுபது சென்சார். போர்டின் ஃபோல்டரில் இருந்ததில் அறுபத்தாறு. ஓரத்து ஆறையும் மெஷின் எண்ணவே இல்லை.

கல்யாணமான புதிதில் பேரணாம்பட்டு மாமியார் வீட்டில், அம்மா வீட்டு நினைப்பில் கை தானாக அலமாரியின் மேல்தட்டுக்குப் போய், உப்பென்று சர்க்கரையை அள்ளிக் குழம்பில் போட்டவள் அவள். அன்றைக்கு வீடே சிரித்தது. இங்கே யார் சிரிப்பார்கள்?

சத்தமில்லாமல் திருத்திவிடலாம். ஆள் மாறியதும் மெஷின் சரியானதாக ஷபீ அஹமது நினைத்துக்கொள்வார். வேலையும் பிழைக்கும். அப்படி நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள். தனபாக்கியம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"சார், அந்தக்கா மேல தப்பில்ல," என்று எழுந்தாள். "நான்தான் வேற இடத்து ஹெடரைக் காட்டிட்டேன். ஓரத்துல ஆறு சென்சாரை மெஷின் எண்ணவே இல்ல."

ஹெடர் அவருக்குப் புரியவில்லை. மற்றது புரிந்தது.

"உங்க மேனேஜர் நம்பர் குடு," என்றார்.

கொடுத்தாள். அவர் போனோடு வெளியே போனதும், திருத்திய புரோகிராமைப் போர்டில் ஏற்றினாள். "ஒருக்கா உட்டுப் பாருங்கக்கா."

தனபாக்கியம் அதே தோலை எடுத்து, ஓரங்களை நீவிவிட்டு, உருளைக்குள் செலுத்தினாள். பிறகு எல்லோரும் பார்க்கும்படி இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள். திரையில் இருபத்திரண்டு வந்தது. அவள் கைகளை இறக்கவில்லை.