அம்மன் சொன்ன அடையாளம்

தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு வாவியின் இரு கரைக்கும் மனநோய் வைத்தியர் என்று மிஞ்சியது நல்லரத்தினம் ஒருவர்தான். கூடப் படித்தவர்கள் லண்டனில் வீடு வாங்கிவிட்டார்கள். இந்த மனுசனோ மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோணியேறி, வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் நோயாளர் பார்த்துக்கொண்டிருந்தார். யார் சொல்லியும் கேட்கிற ஆளில்லை.

அங்கே வந்தவள்தான் புஸ்பம். ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட புருசனைத் தேடி முகாம் வாசலுக்கு நடையாய் நடந்தவள். பொட்டழிக்கவில்லை, சோறும் இறங்கவில்லை. தெய்வமாடிக் கட்டு என்று குறி சொல்கிறவர்களிடமெல்லாம் போய்க் கேட்டாள். அவன் உயிரோடு இருக்கிறான் என்றே எல்லோரும் சொன்னார்கள். இப்போது முகாமில் காவல் நிற்கிற ஒருவன், பொழுதுபட்ட பிறகு தனியே வந்தால் புருசனைக் காட்டுவதாக ஆசை காட்டியிருந்தான்.

"போகப்போறன் டொக்டர். எனக்கு என்ன நடந்தாலும் பரவால்ல. அவரக் கண்டாப் போதும்."

அவள் புருசன் செத்துப்போனது டொக்டருக்குத் தெரியும். முகாமில் அவனோடு ஒரே அறையில் அடைபட்டுக் கிடந்து உயிரோடு வெளியே வந்த வினாயகமூர்த்தியும் அவரிடம்தான் மருந்தெடுத்தான். அடிபட்ட காய்ச்சலில் வயல் வட்டைக்குள் உழுவதாக நினைத்து, "சடையா, மயிலா" என்று மாடுகளை அதட்டிக்கொண்டே அந்த மனுசன் தன் மடியில் உயிர்விட்டதை அவன் அழுதழுது சொல்லியிருந்தான். வெளியே தெரிந்தால் தன்னைக் கொன்றுவிடுவார்கள் என்று டொக்டரிடம் சத்தியமும் வாங்கியிருந்தான்.

சத்தியத்தை மீறாமல் புஸ்பத்தை எப்படி நிறுத்துவது? டொக்டர் இலட்சுமிப்பிள்ளையைத் தேடிப் போனார். அம்மன் கோயிலில் கட்டுச் சொல்கிறவள் அவள். இவர் அவளிடம் ஆள் அனுப்புவதும் அவள் இவரிடம் அனுப்புவதும் நெடுநாள் வழக்கம். புருசன் இறந்ததை அம்மன் வாக்காகச் சொல்லிவிடும்படி கேட்டார்.

"செத்துட்டான் எண்டு மட்டும் சொன்னா நம்புவாளா டொக்டர்? எத்தின பேரு உசிரோட இரிக்கான் எண்டு சொல்லியிரிக்காங்க. அடையாளம் ஒண்டு வேணும்."

படித்த மனுசன் அங்கேதான் சறுக்கினார். வினாயகமூர்த்தியின் பெயரை மட்டும் மறைத்தால் போதும் என்று நினைத்து, மாடு கூப்பிட்ட கதையைச் சொல்லிவிட்டார்.

கோயில் சடங்கன்று ஊர் திரண்டு நிற்க, இலட்சுமிப்பிள்ளை வேப்பிலையோடு ஆடி வந்து புஸ்பத்தின் முன் நின்றாள். "இருட்டறைக்குள்ள சடையா மயிலா எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டே போயிட்டான்டி!"

புஸ்பம் மண்ணில் விழுந்து கதறினாள். கடைசியில் வாய்விட்டு அழுதாளே என்று டொக்டருக்கு மனம் ஆறியது. அவள் கிரியைகளைச் செய்தாள், வெள்ளை உடுத்தாள், முகாம் பக்கம் போகவேயில்லை.

மாட்டின் பெயரையே சொன்ன அம்மனின் புகழ் வாவிக்கு அந்தப் பக்கம் எழுவான்கரை வரைக்கும் பரவியது. கோயிலுக்குக் கும்பிடுகிறவர்கள் மட்டுமா வருகிறார்கள்? காட்டிக்கொடுக்கிற நாய்களும்தான் வருகின்றன. அந்த அறையிலிருந்து உயிரோடு போனவன் ஒருவன்தான் என்பது முகாமுக்குத் தெரியும்.

அடுத்த முறை டொக்டர் தோணியை விட்டு இறங்கியபோது, தலைவிரி கோலமாய்க் கரையில் நின்றாள் ஆச்சிப்பிள்ளை, வினாயகமூர்த்தியின் தாய்.

"மகனக் கொண்டு போயிட்டானுகள் டொக்டர். மாடு கூப்பிட்ட கதைய யாருட்டச் சொன்னாய் எண்டு கேட்டுக் கேட்டு என்ட கண்ணுக்கு முன்னால அடிச்சானுகள். அவன் வாயே திறக்கல்ல."

அவன் யாரைக் காப்பாற்றினான் என்பது டொக்டருக்கு விளங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரோடு எப்படிப் பேசுவது என்று ஊரூராய்ப் படிப்பித்த மனுசன் மருந்துப் பெட்டியைக் கரையில் இறக்கி வைத்தார்.

"அந்த அம்மன் உள்ளதச் சொல்லுவாவாம். ஒரு எட்டு வந்து எனக்கும் கட்டுக் கேட்டுத் தாங்க."

"அது அம்மன் சொன்னதில்ல, அம்மா. நான்தான் சொல்லிக் குடுத்தன்."

காறித் துப்புவாள் என்று நினைத்தார். துப்பியிருக்கலாம். ஆச்சிப்பிள்ளை அவர் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்ப உங்களுக்கே தெரியும்தானே டொக்டர்! சொல்லுங்க, என்ட மகன் உசிரோட இரிக்கானா?"