கிளட்டர்பக்கின் மகுடம்

பிப்ரவரி பிறந்துவிட்டால் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பக்கத்துப் பெரிய மனிதர்கள் மண்டியிடத் தொடங்கிவிடுவார்கள். கடவுளுக்கு முன்னால் அல்ல. அதற்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை என்று பாதிரியாரிடம் எப்போதோ சொல்லியாகிவிட்டது. இது ஸ்னோடிராப் பூவுக்கு முன்னால். சாண் உயரத் தண்டில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் அந்த வெள்ளைப் பூவின் முகவாயை ஒற்றை விரலால் நிமிர்த்தி, உள்ளிதழில் இருக்கும் பச்சைக் குறியைப் பார்த்தால்தான் அது என்ன ரகம் என்று சொல்ல முடியும். குறி ஒன்றா இரண்டா, பிறைபோலவா பெருக்கல் குறிபோலவா, அவ்வளவுதான் சங்கதி. அந்தச் சங்கதிக்காகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவதை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் அங்கே உண்டு.

மார்ட்டிமர் கிளட்டர்பக் ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர். ஓய்வு பெற்றது பதவி மட்டும்தான், ஆய்வு ஓயவில்லை. ஏழு வருஷத்துக்கு முன் தன் தோட்டத்துக் குப்பை உரக்குவியலுக்குப் பின்னால், எவரும் நடாமல் தானாக முளைத்த ஒரு பூவின் முகவாயை நிமிர்த்தினார். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு மீசை. இரண்டு முனையும் மேல்நோக்கி முறுக்கிய மீசை. தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். இயற்கை தன்னை அடையாளம் கண்டுகொண்டது என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

அன்று சாயங்காலமே பெயர் வைத்தாயிற்று: ‘கிளட்டர்பக்கின் மகுடம்’. துத்தநாகத் தகட்டில் எழுத்துப் பொறித்து வரவழைத்தார். கிழங்கைத் தொட்டிக்கு மாற்றினார். தொட்டிக்குக் கம்பிக்கூண்டு, கூண்டுக்குள் கண்ணாடிக் கவிப்பு, கவிப்புக்கு மேல் சாக்கு. ஏழு வருஷமாக அந்தப் பூவை வெளி மனிதர் ஒருவரும் கண்டதில்லை. தெருவில் எவர் தலை தெரிந்தாலும் ஜன்னலைத் திறந்து, “கேட்டைச் சாத்துங்க! முயல் வந்துடும்!” என்று கத்துவார். முயல் ஸ்னோடிராப்பைத் தின்னாது, விஷம் என்று அதற்குத் தெரியும். இது ஊருக்கும் தெரியும். அவர் பயந்தது தோட்டக்கரண்டியோடு கிழங்கு திருட வரும் இரண்டுகால் முயல்களுக்கு.

ஸ்னோடிராப் வளர்க்கிறவர்களிடம் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. நல்ல ரகம் கிடைத்தால், இலை பச்சையாக இருக்கும்போதே ஒரு கிழங்கைப் பிரித்து நண்பருக்குக் கொடுத்துவிட வேண்டும். உன் தோட்டத்தில் செத்தால் அவன் தோட்டத்தில் இருக்கும். மார்ட்டிமரின் மனைவி வின்னி இதை ஒருமுறை நினைவுபடுத்தினாள்.

“மூணு கிழங்கு ஆயிடுச்சே மார்ட்டிமர். ஒண்ணை யாருக்காவது கொடுத்து வச்சா என்ன?”

“மகுடத்தை யாராவது பிச்சுப் பிச்சுக் கொடுப்பாங்களா வின்னி?”

வின்னி வாயை மூடிக்கொண்டாள். நாற்பது வருஷ இல்லறத்தில் அவள் வாயை மூடியபோதெல்லாம் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. அதை மார்ட்டிமர் இன்னும் ஆய்வு செய்யவில்லை.

இந்த வருஷம் பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமை மிஸ் குவெய்ல் மதிய விருந்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். எண்பத்தோரு வயது. ஸ்னோடிராப் ரகங்களின் பெயர்ப்பட்டியலை வைத்திருப்பவர் அவர்தான். அவர் மண்டியிட்டு, பூவை நிமிர்த்தி, “ஆமாம், இது புதுசு” என்று சொல்லிவிட்டால் அந்தப் பெயர் பட்டியலில் ஏறும், அழியாது. “ஊஹூம்” என்றால் போயிற்று. மார்ட்டிமருக்குப் பிள்ளை கிடையாது. அவர் ஆய்வு செய்த பள்ளிகளில் மூன்றை மூடிவிட்டார்கள். அவர் பெயர் நிற்க வேண்டுமென்றால் அது அந்தப் பூவின் மேல்தான் நிற்க வேண்டும். இரவில் படுக்கையில் அந்தப் பெயரைப் பட்டியலில் இருப்பதுபோலவே மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

பத்து நாளாக அவர் சாக்கை விலக்கவில்லை. பார்க்கப் பார்க்கப் புதுமை போய்விடும் என்று ஒரு எண்ணம். சனிக்கிழமை காலை, விருந்தினர் வர இரண்டு மணி நேரம் இருக்கையில், கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு போய்ச் சாக்கை எடுத்தார். கண்ணாடியைத் தூக்கினார்.

உள்ளே சாம்பல் நிறத்தில் பூனைக்குட்டி ரோமம்போல ஒன்று படர்ந்திருந்தது. இலை, தண்டு, மொட்டு எல்லாம் பூஞ்சணத்துக்குள் கூழாகிக் கிடந்தன. விரல் பட்டதும் மூன்றாவது தண்டும் சாய்ந்தது. கிழங்கை அழுத்தினார். அழுகின பேரிக்காய்போல அமுங்கியது. ஸ்னோடிராப் பனியில் நிற்கும், புயலில் நிற்கும். காற்றே இல்லாத கண்ணாடிக்குள் நிற்காது.

பன்னிரண்டு மணிக்கு விருந்தினர் ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். லீக்ஸ் சூப் ஆறிக்கொண்டிருந்தது. மார்ட்டிமர் துணி போர்த்திய ஆளுயரப் புகைப்படம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். நன்றியுரையாக எழுதி வைத்திருந்ததை இரங்கல் உரையாக மாற்றி வாசித்தார். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தேவைப்படவில்லை.

மிஸ் குவெய்ல் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார்: “பூ எங்கேப்பா?”

“அது… இன்று காலை… ஆனால் படம் மிகத் துல்லியம். தாங்கள் படத்தைப் பார்த்தே—”

“படத்துக்கெல்லாம் நான் மண்டி போடறதில்ல. எந்திரிக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும். உசிரோட ஒரு பூ காட்டு, பேசலாம். யாருக்காவது கொடுத்து வச்சிருப்பியே?”

கொடுத்து வைக்கவில்லை என்று சொல்வது, அந்தக் கூட்டத்தில், தாய்க்குச் சோறு போடவில்லை என்று சொல்வதற்குச் சமம்.

“ஒண்ணு டோரீன்கிட்ட இருக்கு” என்றாள் வின்னி, சூப்பைப் பார்த்துக்கொண்டே.

“எந்த டோரீன்?”

“ஊர்ல எத்தனை டோரீன் இருக்காங்க? பக்கத்து வீடு. அஞ்சு வருஷம் முந்தி, நீங்க தொட்டி மண்ணை மாத்தச் சொன்னீங்களே, அன்னிக்கு வேலி மேலால ஒரு கிழங்கைக் கொடுத்தேன்.”

“வின்னி! எனக்குத் தெரியாமலா?”

“தெரிஞ்சா விட்டிருப்பீங்களா? கத்தறதை அப்புறம் வச்சுக்கலாம். இப்ப தொப்பியை எடுங்க, போய்ப் பார்க்கலாம்.”

டோரீன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள். அவள் தோட்டத்தைத் தோட்டம் என்று மார்ட்டிமர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. ஐந்து வருஷமாக அவள் வீட்டு விருந்துக்கு அழைத்தும் அவர் போனதில்லை. இப்போது பின்னால் ஒன்பது பேர் அணிவகுக்க, அவள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனார்.

டோரீன் வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றாள். அவளுக்கு அஞ்சல்காரரும் கண்ணு, பிஷப்பும் கண்ணு.

“அடடே, மார்ட்டிமர் கண்ணு! என்ன, ஊர்வலமா வர்றீங்க? யாராவது போயிட்டாங்களா?”

“டோரீன்,” என்றார் அவர். “தயவுசெய்து… வின்னி கொடுத்த அந்தக் கிழங்கு…”

“அதுவா? குப்பைத்தொட்டிக்குப் பக்கத்துல. காலைப் பார்த்து வைங்க.”

ஆப்பிள் மரத்தடியில், குப்பைத்தொட்டிக்கும் பழைய சைக்கிளுக்கும் நடுவே, ஒரு கூடை அளவுக்குப் பூத்து நின்றது. காற்றடிக்க முப்பது மீசையும் ஒன்றாக ஆடின. மார்ட்டிமருக்குக் கண் கலங்கியது. மிஸ் குவெய்ல் இருவர் கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். ஒரு பூவை நிமிர்த்தினார்.

“புதுசுதான்” என்றார். “பட்டியல்ல இருக்கற எதோடயும் சேராது. நல்ல ரகம்.”

மார்ட்டிமர் கோட்டுப் பைக்குள் கைவிட்டுத் துத்தநாகத் தகட்டை உருவினார்.

“ஆனா இது எங்கிட்ட இருக்கே” என்றார் மிஸ் குவெய்ல். “சமையலறை ஜன்னலுக்கு வெளியே, மூணு வருஷமா. கண்டவர் யாருன்னு தெரியாம பட்டியல்ல ஏத்தாம வச்சிருக்கேன்.”

“எங்க வீட்டுலயும்” என்றார் பாதிரியார்.

“எனக்கும் டோரீன்தான் கொடுத்தா. நியூஸ்பேப்பர்ல சுத்தி” என்றார் இன்னொருவர்.

“என் தங்கச்சிக்கு யார்க்ஷயருக்கே அனுப்பிட்டேனே!”

ஒன்பது பேரில் ஏழு பேர் வீட்டில் மகுடம் இருந்தது. மூடி வைத்ததால் அது மார்ட்டிமர் வீட்டுப் பூ என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மிஸ் குவெய்ல் மண்ணிலிருந்து ஒரு பட்டையைப் பிடுங்கினார். தயிர் டப்பாவை வெட்டிச் செய்த பெயர்ப்பட்டை. பென்சிலில் எழுதியிருந்ததை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசித்தார்: “‘கேட்டைச் சாத்து’. ஆமா, என்கிட்ட வந்ததும் இதே பேர்லதான்.”

“அதென்ன பேர்?” மார்ட்டிமரின் மீசை துடித்தது.

“வின்னி கொடுத்தப்ப பேர் என்னன்னு கேட்டேன் கண்ணு” என்றாள் டோரீன். “அவ திருதிருன்னு முழிச்சா. சரியா அந்த நேரம் பார்த்து உங்க ஜன்னல் திறந்துச்சு, நீங்க கத்தினீங்க. அதையே எழுதிட்டேன். மறக்காதில்ல?”

“மிஸ் குவெய்ல், கண்டுபிடித்தது நான்! இதற்கு முறையான பெயர் உண்டு! பொறித்தே வைத்திருக்கிறேன்!”

“கண்டுபிடிச்சது நீதான்ப்பா, யார் இல்லேன்னா? ஆனா முறை தெரியுமில்ல உனக்கு? எந்தப் பேர்ல கைமாறிச்சோ அந்தப் பேர்தான் நிக்கும். உன் பேர் உன் பாக்கெட்டை விட்டு வெளியே வரவே இல்லையே.” குனிந்து இன்னொரு பூவை நிமிர்த்தினார். “கண்டவர், மார்ட்டிமர் கிளட்டர்பக்னு கீழே பொடி எழுத்துல போடறேன். இதைப் பார்க்கறப்ப எல்லாம் உன் குரல் காதுல கேட்கும். அதுக்கு மேல என்ன வேணும்?”

யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். மாற்றியவர் பாதிரியார்.

டோரீன் அதற்குள் தோட்டக்கரண்டியைக் கொண்டுவந்து, கொத்தில் பாதியைப் பெயர்த்து, பழைய நியூஸ்பேப்பரில் சுற்றினாள். தயிர் டப்பாப் பட்டையையும் உள்ளே செருகி மார்ட்டிமர் கையில் கொடுத்தாள்.

“இந்தாங்க. கூண்டுல வைக்காதீங்க, மரத்தடியில வைங்க. அடுத்த வருஷம் யாருக்காவது கொடுங்க.”

“நன்றி, டோரீன்” என்றார். பள்ளி ஆய்வறிக்கைகளில் அவர் அபூர்வமாகத்தான் பயன்படுத்திய சொல் அது.

கூட்டம் ஆறிப்போன சூப்பை நோக்கி நகர்ந்தது. வின்னி கையை நீட்டித் துத்தநாகத் தகட்டை வாங்கிக்கொண்டாள், சமையலறையில் ஜாடிக்கு மூடி ஒன்று தொலைந்துபோயிருந்தது. கடைசி ஆளாக மார்ட்டிமர் இரண்டு கையாலும் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். பொட்டலத்தின் வாயில் ஒரு பூ தலையை நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையை விடுவித்து அதன் முகவாயை நிமிர்த்திப் பார்த்தார். மீசை இருந்தது. பத்தடி போயிருப்பார்.

“மார்ட்டிமர் கண்ணு!” பஸ் ஓட்டிய குரல் தெரு முழுக்கக் கேட்டது. “கேட்டைச் சாத்து!”

முன்னால் போன ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பத்தடி நடந்து வந்து, கையில் இடமில்லாததால் காலால் தள்ளி, கேட்டைச் சாத்தினார்.